கழுவிக் கொண்டு வந்த பாட்டில்கள்

தேவாரம்
14.7.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் போட்டால் கடையில் ஆள் நிற்கிறது என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே வந்து யாரும் யூரியா இருக்கிறதா என்று கேட்க முடியாது.

எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் தொடங்கிவிட்டேன். ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் இதற்காக ஒரு மாதம் அலைந்திருக்கிறேன். ஹெச்.எம். சண்முகராஜ் சார் ஒரு சுற்றறிக்கையைக் காட்டி, நோட்டில் முப்பது பேர் பெயரை எழுதி வையுங்கள், ஆய்வுக்கு வந்தால் காட்டிக்கொள்ளலாம் என்றார். நோட்டில் மட்டும் இருக்கிற மன்றம் எனக்கு வேண்டாம் என்றேன். உங்கள் பாடு என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை மட்டும் கெஞ்சி வாங்கினேன்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது பதினோரு பேர். அதில் நாலு பேர் கணக்குப் பீரியடுக்குப் பயந்து வந்தவர்கள். மரம் நடுவதன் அவசியம் பற்றி நான் பத்து நிமிஷம் பேசினேன், எனக்கே நன்றாக இருந்தது. முடித்ததும் ஒன்பதாம் வகுப்புக் கிருபாவதி எழுந்து, "டீச்சர், நட்டுருவோம். தண்ணி எங்கன இருந்து எடுக்க?" என்று கேட்டாள். அவளே சொன்னாள், சத்துணவுக்கூடத்தில் அரிசி கழுவுகிற தண்ணீரை வாளியில் பிடித்துவைத்தால் போதுமாம். அன்றைக்கே அவளைத் தலைவி ஆக்கிவிட்டேன். அவள் அப்பா சுருளியாண்டி திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர். அம்மா மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர். வீட்டில் சமையல் இவள்தான். அதனால்தான் எதைச் சொன்னாலும் இவளுக்குத் தண்ணீரும் விறகும் முதலில் ஞாபகம் வருகிறது.

இப்போது முப்பத்துநாலு பேர் இருக்கிறார்கள். இருபது வேப்பங்கன்று வைத்து பதினாறு பிழைத்திருக்கிறது. உங்கள் மச்சான் குவைத்திலிருந்து போன் பண்ணும்போது சொன்னேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

நிலோபர் குட்டி, மாமாவை எப்போது பார்ப்போம் என்று கேட்கிறாள். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சல்மா

*

கம்பம்
22.7.2003

சல்மாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தைக் கல்லாவிலேயே வைத்துப் படித்தேன். உன் மதினி பாஜிலா வாங்கி இரண்டாம் முறை படித்துவிட்டு, உன் தங்கச்சி பள்ளிக்கூடம் போவது பாடம் நடத்தவா, தோட்டம் போடவா என்று கேட்கிறாள். இரண்டும்தான் என்றேன். எனக்குப் பெருமை. அத்தா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வரைக்கும் போய் எல்லோரிடமும் காட்டியிருப்பார்.

என் கடைச் சரக்கு உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே கடைக்குள் வந்தால் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வாய். ஆனாலும் உன் மன்றத்துக்கு உதவுகிற ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. பூச்சிமருந்து பாட்டில் எதை எடுத்தாலும் லேபிளில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கொடியது. மஞ்சள் அடுத்தது. நீலம், பச்சை என்று போகப்போகக் குறையும். இங்கே வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது தெரியாது. பூச்சி சாகுமா என்றுதான் கேட்பார்கள். நான் சொன்னால் வியாபாரத் தந்திரம் என்பார்கள். பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடு. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

அந்தத் தண்ணீர் கேட்ட பிள்ளையை ஒருநாள் கடைக்குக் கூட்டி வா. அவள் அப்பா சுருளியாண்டியை எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை வருகிற ஆள்.

ஷரீப்

*

கம்பம்
11.12.2003

சல்மாவுக்கு,

நேற்றுப் பேப்பரை இன்று காலையில் உரக்கடைக்காரர் ஒருவர் என் மேஜையில் கொண்டுவந்து விரித்துப் போட்டார். முதலில் நானும் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். என் தங்கச்சி படம், பக்கத்தில் பிள்ளைகள், முன்னால் ஓடையில் பொறுக்கிய மருந்து பாட்டில்கள். அப்புறம்தான் தெரிந்தது, முன் வரிசையில் இருக்கிற பாட்டில் எல்லாவற்றிலும் என் கடை ஸ்டிக்கர். ஷரீப் உரக்கடை, கம்பம். கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது.

கம்பத்தில் மருந்து விற்பது நான் ஒருவன்தானா? ஓடையில் வேறு கடைப் பாட்டிலே கிடைக்கவில்லையா? இல்லை, என்னுடையதைப் பார்த்துப் பொறுக்கி முன்னால் வைத்தாயா? காலையிலிருந்து ஒவ்வொருவனாக வந்து, பாய் பேப்பர்ல வந்துட்டாக என்று சிரித்துவிட்டுப் போகிறான்.

அத்தா மௌத்தாகி நம்மை விட்டுப் போனபோது நீ பிளஸ் டூ. இந்தக் கடையை வைத்துத்தான் நீ பி.எட். முடித்தாய். சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

ஷரீப்

*

தேவாரம்
15.12.2003

அண்ணனுக்கு,

பாட்டில்களை அடுக்கியது பிள்ளைகள். முன்னால் வந்தது உங்கள் ஸ்டிக்கர் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எடுத்துப் பின்னால் வைத்திருக்க மாட்டேன். நூற்றி எழுபது பாட்டில் பொறுக்கினோம். பாதிக்கு மேல் உங்கள் கடையுடையதுதான். ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற ஓடையில் அவை கிடப்பது உங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. படத்தில் வந்ததுதான் குறை.

என் படிப்பைச் சொல்லிக்காட்டிவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம். ஒவ்வொரு பெருநாளைக்கும் நீங்கள் அனுப்புகிற சேலையைக் கட்டும்போது இனி அதுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு நிற்கப்போவதில்லை. ஜனவரியில் தேனியில் மாவட்டக் கண்காட்சி. நீங்கள் சொல்லிக் கொடுத்த முக்கோணத்தைத்தான் வைக்கப் போகிறோம், எத்தனை சிவப்பு, எத்தனை மஞ்சள் என்று. லேபிளின் அடிப்பக்கமெல்லாம் சேறு அப்பி முக்கோணத்தின் நிறம் தெரியவில்லை. அரையாண்டு லீவில் ஆளுக்குக் கொஞ்சம் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போய், ஊறவைத்துக் கழுவித் துடைத்துக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கழுவினால் உங்கள் ஸ்டிக்கர் இன்னும் பளிச்சென்று தெரியும். அதையும் கண்ணாடி போடாமல் படித்துக்கொள்ளுங்கள்.

போன் பண்ண வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம். இந்தக் கோபம் ஆறட்டும், ஆறாவிட்டால் போகட்டும்.

சல்மா

*

(இந்தக் கடிதம் 20-ஆம் தேதி தேவாரத்தில் வாங்க மறுக்கப்பட்டு, பிரிக்கப்படாமல் 23-ஆம் தேதி கம்பத்துக்குத் திரும்பி வந்தது.)

கம்பம்
18.12.2003

சல்மா,

இரண்டு தடவை போன் பண்ணினேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி, நமக்குள் இருக்கிற சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். இதை மட்டும் படி.

பிள்ளைகளைப் பாட்டில் கழுவ விடாதே.

காலிப் பாட்டில்தானே என்று நினைத்திருப்பாய். காலி இல்லை. மூடிக்குக் கீழே, அடி மூலையில் எப்போதும் கொஞ்சம் நிற்கும். காய்ந்து கிடக்கிறவரை அது சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டால் கரைந்து கையில் ஏறும். குடிக்க வேண்டியதில்லை. தோல் வழியாகவே உள்ளே போய்விடும். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் போதும். இங்கே எல்லோர் வீட்டிலும் கழுவின டப்பாவில்தான் மண்ணெண்ணெய் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்பாய். அது அவர்கள் அதிர்ஷ்டம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் பி.எட். பரீட்சை சமயத்தில் நான் டைபாய்டில் படுத்திருந்தேன் இல்லையா? அது டைபாய்டு இல்லை. கடையில் சிவப்பு முக்கோணப் பாட்டில் ஒன்று உடைந்தது, நான் வெறுங்கையில் ஈரத்துணி வைத்துத் துடைத்தேன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ பரீட்சையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பாஜிலாவிடம் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

என் ஸ்டிக்கர் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் சரி. சேற்றோடு அப்படியே கண்காட்சியில் வை. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் உடனே போய்த் திரும்ப வாங்கு. சாக்கில் கட்டி ஓரமாகப் போடு, நான் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்

*

கம்பம்
1.1.2004

சல்மாவுக்கு,

முந்தாநாள் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். தேவாரம் பக்கம் ஒரு பெண்பிள்ளை மருந்து குடித்து இறந்துவிட்டது, வீட்டில் உங்கள் கடைப் பாட்டில் கிடந்தது, யாருக்கு விற்றீர்கள் என்றார். பெயர் கேட்டேன். கிருபாவதி என்றார். உன் கடிதத்தில் படித்த பெயர்.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால் கேட்கிறேன், நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. இல்லாவிட்டால் பாஜிலாவையாவது அனுப்புகிறேன். நிலோபரையும் வைத்துக்கொண்டு நீ தனியாக இருக்கிறாய்.

ஷரீப்

*

தேவாரம்
5.1.2004

அண்ணனுக்கு,

அவள் மருந்து குடிக்கவில்லை. இதை முதல் வரியில் எழுத வேண்டும். ஊரில் யாரும் இதைச் சொல்லவில்லை.

மற்றப் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்தோ பத்தோ எடுத்துப் போனார்கள். அதிலும் பலர் தொடவே இல்லை, சாக்கில் அப்படியே இருக்கிறது. கிருபாவதி மட்டும் அறுபது பாட்டில் எடுத்துப் போனாள், தலைவி இல்லையா? நான் கொடுத்தனுப்பிய பாலித்தீன் கவர் கையில் நிற்கவில்லை என்று கழற்றிப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் தொட்டியில் ஊறவைத்து, வெறுங்கையால் தேய்த்து, போகாத சேற்றை நகத்தால் சுரண்டியிருக்கிறாள். கழுவிவிட்டால் விஷம் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன் அண்ணே. கழுவுவதே விஷம் என்று எனக்குத் தெரியவில்லை. அறிவியல் டீச்சர் நான்.

இருபத்தாறாம் தேதி காலையில் வாந்தி. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கண் மங்குகிறது என்றிருக்கிறாள். அப்பா தோட்டத்தில், அம்மா மலையில். பக்கத்து வீட்டு ஜக்கம்மா பார்த்து ஆள் கூட்டி, தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் நான் போனபோது கண் திறந்தாள். என்னைப் பார்த்து, "டீச்சர், நாப்பத்தொண்ணு செவப்பு. மிச்சத்த இன்னும் பாக்கல" என்றாள். அதற்கு மறுநாள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. பிள்ளை எதற்காகக் குடித்தது? பதினாலு வயதுப் பெண்பிள்ளை, மருந்து வாசனை. நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. எந்தப் பையன் என்று அவள் அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். மகளைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஹெச்.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊரே ஒண்ணு சொல்லுது டீச்சர். அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நாம ஏன் வாயக் குடுக்கணும்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. என் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார், தன் வேலையும் போய்விடும் என்று பயப்படுகிறார்.

நேற்று சுருளியாண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம்புள்ள மருந்து குடிச்சுச் சாகலைன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நான்தான் கழுவச் சொன்னேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பாட்டிலைக் கழுவினால் சாவார்களா என்று அவர்கள் சிரித்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்களிடம் கேட்டால் கடையைப் பார்க்காமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

நீங்கள் இப்போது வர வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சல்மா

*

கம்பம்
12.1.2004

சல்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே, அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானே போய்ச் சொல்லிவிட்டேன். எந்த மருந்து, அது எப்படிப்பட்டது, பாட்டிலில் எவ்வளவு மிச்சம் நிற்கும், தண்ணீரில் ஊறினால் தோல் வழியாக எப்படி ஏறும், குடித்தவனுக்கும் இப்படி ஏறியவனுக்கும் ஒரே வாசனை எதனால் வரும், எல்லாம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மூன்று பக்கம் எழுதி என் கையெழுத்து வாங்கினார். டாக்டரிடமும் எழுதிக் கேட்டிருக்கிறார்களாம், அவரும் கையிலும் நகத்திலும் இருந்ததைப் பார்த்து, அப்படித்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். குடித்ததாக இருந்ததை மாற்றிவிட்டார்கள்.

உரக்கடைக்காரர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. நம்ம தொழில நாமளே கெடுக்கிறதா என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

நேற்று சுருளியாண்டி கடைக்கு வந்தார். வாங்க வரவில்லை. சும்மா நின்றார். உட்காரச் சொன்னேன். "எம்புள்ள பேரு தப்பிச்சிருச்சு பாய்" என்றார். அவர் போனதும் நான் கல்லாவில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்களைப் பாஜிலாதான் அனுப்பிவைத்தாள்.

உனக்கு என்ன சொல்கிறார்கள்? எழுது.

ஷரீப்

*

தேவாரம்
19.1.2004

அண்ணனுக்கு,

எனக்கு மெமோ கொடுத்தார்கள். விசாரணை நடந்தது. சஸ்பெண்ட் செய்வார்கள் என்று நினைத்தேன், மாற்றலோடு விட்டுவிட்டார்கள். மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு பள்ளி. பிப்ரவரி மூன்றாம் தேதி சேர வேண்டும். இங்கே மன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். நோட்டை நான்தான் கொண்டுபோய் ஹெச்.எம். மேஜையில் வைத்தேன்.

அங்கே போய்ச் சேரலாமா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊறவைத்தால் என்ன ஆகும், தோலில் எப்படி ஏறும், ஒவ்வொன்றும். பிள்ளைகள் ஊறவைத்துக் கழுவப் போகிறார்கள் என்று நான்தான் என் கையால் உங்களுக்கு எழுதினேன். டிசம்பர் பதினைந்தாம் தேதி. அதன் பிறகு உங்களிடமிருந்து ஒரு கவர் வந்தது. இன்னும் திட்டியிருப்பீர்கள் என்று நான் தபால்காரரிடம் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் போனையும் வைத்துவிட்டேன்.

அந்தக் கவரில் என்ன எழுதியிருந்தீர்கள் அண்ணே?

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். கழுவ விடாதே என்று எழுதியிருந்தீர்கள், நான் திருப்பி அனுப்பினேன். அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் உயிர் என் வாசல்வரை வந்து, நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அறியாமல் செய்தது ஒன்று. அறிய மாட்டேன் என்று கையை நீட்டித் தடுத்தது வேறு. ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். அது உண்மையானால் இன்னொரு பிள்ளையின் முன்னால் நின்று நான் எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டேன். இல்லாவிட்டால், உங்களுக்குத் தெரிந்திருந்தும் நீங்கள் சொல்லவில்லை.

எது என்று எழுதுங்கள். என்னைத் தேற்றுவதற்காக எதையும் எழுத வேண்டாம்.

சல்மா

*

கம்பம்
24.1.2004

சல்மாவுக்கு,

தேற்றுவதற்காக எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

அந்தக் கவரில் திட்டுதான் இருந்தது. நாலு பக்கம். உன்னை வளர்த்தது, படிக்கவைத்தது, இன்னும் எழுதக் கூடாததெல்லாம் எழுதியிருந்தேன். திரும்பி வந்ததும் பாஜிலா, நல்லவேளை அவ படிக்கலை என்றாள். அடுப்பில் போட்டுவிட்டேன். பாட்டிலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. போனில் பேசக் கூப்பிட்டதும் சண்டை போடத்தான்.

உன் இரண்டாவது கேள்விக்கு, ஆமாம், எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் விற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கழுவச் சொல்லியிருப்பதாக நீ எழுதியதைப் படித்தேன். ஆனால் என் மனதெல்லாம் ஸ்டிக்கரில் இருந்தது. பெரிய டீச்சர், எல்லாம் தெரிந்தவள், பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கம்பத்திலிருந்து தேவாரம் எவ்வளவு தூரம்? ஒரு பஸ் ஏறினால் வந்திருக்கலாம். நீ கதவைச் சாத்தியிருந்தாலும் வெளியே நின்று கத்தியிருக்கலாம், தெருவே கேட்டிருக்கும். இருபத்துமூன்று, இருபத்துநாலு, இருபத்தைந்து, மூன்று நாளும் நான் கடையில்தான் இருந்தேன். ரோஷம். நம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிற ரோஷம்தான், எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆகவே நீ எதையும் திருப்பி அனுப்பவில்லை. ராஜினாமாவைக் கிழித்துப் போடு. மூன்றாம் தேதி போய்ச் சேர்.

ஷரீப்

*

தேவாரம்
30.1.2004

அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிலோபருக்குத் தலை வாரிவிட்டேன். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். என் தப்பு என் தப்புதான். ஆனால் அது தெரியாமல் செய்தது என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைச் சுமந்துகொண்டு நடக்க முடியும் என்று நினைக்கிறேன்.

மயிலாடும்பாறைப் பள்ளியில் இருந்து நேற்று ஒரு டீச்சர் பேசினார், கஸ்தூரியம்மாள் என்று. அங்கே மன்றம் எதுவும் இல்லையாம். பிள்ளைகள் கேட்கிறார்களாம். நடந்ததெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன் என்றார். எது தெரியாதோ அதைத் தெரிந்தவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் பிள்ளைகளைத் தொடவிடுவேன் என்றேன். அப்படியே செய்யுங்கள் என்றார்.

நிம்மதி இரண்டு நாள் இருந்தது. அதன் பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. இது பேப்பர் படத்துக்கு வந்த கோபம் இல்லை. சத்தம் போடுகிற கோபமும் இல்லை. நீங்கள் தெரிந்து சும்மா இருந்தீர்கள். ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவள் இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். நான் பிரித்திருக்க மாட்டேன் என்பீர்கள். பிரிக்காமல் போனால் அது என் பாவம். எழுதாமல் விட்டது உங்கள் பாவம்.

சுருளியாண்டியிடம் மறைக்க மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன், என் அண்ணனுக்கு முன்னாலேயே தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டார் என்று. தோளில் இருந்த மருந்து டேங்கைக் கீழே இறக்கிவைத்தார். பிறகு, "அவுக நல்லவுகன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். நீங்கள் வர வேண்டாம். சேலையும் வேண்டாம். மதினி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நிலோபர் மாமாவைக் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். இனி நமக்குள் கடிதமும் வேண்டாம். நீங்கள் கவர் அனுப்பினால் நான் வாங்க மாட்டேன்.

சல்மா

*

கம்பம்
2.2.2004

சல்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கவர் வாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதனால் தபால் கார்டில் எழுதுகிறேன். கார்டு என்றால் தபால்காரர் நீட்டும்போதே கண்ணில் பட்டுவிடும், வேண்டாம் என்றாலும் படித்துவிடுவாய். இந்தப் புத்தி எனக்கு இப்போதுதான் வந்தது.

நீ எழுதியது எல்லாம் சரி. சுருளியாண்டி இப்போது வேறு கடையில் வாங்குகிறார். அதுவும் சரிதான். நீ சொன்னபடி நான் வரவில்லை. இந்தக் கார்டு வருவதற்குள் நீ புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பாய். காலை பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், தினமும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பு.

ஷரீப்